வீட்டில் ஏறாத சார்ஜ்

மே 22, வியாழன்

கார் வந்துவிட்டது. வெள்ளை நிறம், எலெக்ட்ரிக். மாக்கினாம்பட்டியில் எங்கள் வீதிக்கு இதுதான் முதல் எலெக்ட்ரிக் கார். எதிர் வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சைலன்சரே காணோமுங்களே" என்றார், ஏதோ திருடு போனதைக் கண்டுபிடித்தவர் மாதிரி.

முதல் சில மாதம் சார்ஜ் ஏறுவதை எழுதி வைத்தால் நல்லது என்று கையேட்டில் போட்டிருக்கிறது. போடாவிட்டாலும் எழுதியிருப்பேன். பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் ஓய்வு பெறும்வரை என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். இந்தச் சென்னியப்பன் கையெழுத்துப் போடாமல் ஒரு மோட்டார் கேட்டைத் தாண்டியதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அதே வேலையைத்தான் பார்க்கிறேன் என்று என் மனைவி கலாமணி சொல்வாள்.

பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முன்னால் மாலை. கலாமணி சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள். சார்ஜ் போடும் இடத்து மூடியை நான் திறந்து, "இதுக்கும் வை. இதுதான் காருக்கு வாய்" என்றேன். தாராளமாகவே வைத்தாள்.

கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்திருந்த முன்பணமும் மற்றதும் திரும்பி வந்து இத்தனை மாதமாக வங்கியில் சும்மா கிடந்தன. அதற்கு ஒரு வேலை கொடுத்தேன். இது கார் நோட்டு. அந்தக் கதையை இதில் எழுதப் போவதில்லை.

மே 24, சனி

வீட்டில் சார்ஜ் ஏறவில்லை. போர்டிகோ சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து வரும் கேபிளின் நுனியில் பெட்ரோல் பங்கில் இருப்பதுபோல ஒரு கன். அதைக் காரில் செருகினால் பெட்டியில் பச்சை எரிய வேண்டும். சிவப்பு எரிகிறது. கழற்றி மாட்டினேன். மறுபடி சிவப்பு. எதிர் வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று, "ஏறுதுங்களா?" என்று கேட்டார். ஏறுகிறது என்று சொல்லிவிட்டேன்.

மே 26, திங்கள்

வேறு வழியில்லாமல் வெளியே சார்ஜ் போடக் கிளம்பினோம். பொள்ளாச்சியில் இருக்கும் மெஷின் திரை இருண்டு கிடந்தது. அடுத்தது கோயமுத்தூர் ரோட்டில் ஒத்தக்கால்மண்டபத்தில், ஒரு பேக்கரி வளாகத்துக்குள். அங்கே போய்ச் சேரும்வரை நான் ஏசி போடவில்லை. கலாமணி முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள். "காத்து வாங்கறதுக்குக் கட்டை வண்டியே போதுமுங்களே" என்றாள்.

அங்கே வேறு தொல்லை. முதலில் ஆப் இறக்க வேண்டும், அப்புறம் ஓடிபி வர வேண்டும், அப்புறம் மெஷினில் ஒட்டியிருக்கும் கட்டத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். வெயில் அடித்துப் போன் திரை தெரியவில்லை. பாலக்காட்டுக்காரர் ஒருவர் தன் துண்டை நிழலுக்குப் பிடித்தார். பிறகு ஏறத் தொடங்கியது. வேகமாகவே ஏறியது. ஆக, காரில் கோளாறு இல்லை, வீட்டில்தான் கோளாறு.

கலாமணியை டீ வாங்கி வரச் சொல்லி பேக்கரிக்குள் அனுப்பினேன். கன்னைக் கழற்றும் நேரத்துக்குத்தான் வந்தாள். டீ இல்லை. "டீ எங்கே?" என்றேன். "என்ன டீ?" என்றாள். வரும்போது அந்த ஒரு பேச்சோடு நிறுத்திக்கொண்டவள், திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். தென்னைக்கு வந்திருக்கும் வெள்ளை ஈ, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி, எதை எதையோ. கிணத்துக்கடவு தாண்டும்போது, "இந்தக் காருக்கு வாரத்துக்கு எத்தனை தடவைங்க சார்ஜ் போடோணும்?" என்று கேட்டாள். கார் வாங்கியதிலிருந்து அதைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி.

மே 29, வியாழன்

கோளாறு பிடிபட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கார் வாயில் மேலே இருக்கும் ஓட்டைகள் வீட்டுக் கன்னுக்கு. கீழே இருக்கும் பெரிய இரண்டும் வெளியே வேகமாக ஏற்றுவதற்கு. மேல் ஓட்டை ஒன்றுக்குள் சந்தனம் இறங்கிக் கல்லாகக் காய்ந்திருந்தது. ஷோரூமிலிருந்து ஆள் வந்து சின்ன பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார். பச்சை எரிகிறது.

பூசாரி இதைச் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில்தானே நின்றார்.

ஜூன் 7, சனி

வீட்டில் நன்றாக ஏறுகிறது. பொழுதோடு மாட்டினால் விடியும்போது நிறைந்திருக்கிறது. குறை ஒன்றும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

ஏறவில்லை. நேற்றுப் பொழுதோடு மாட்டியபோது பச்சை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் பச்சை. காலையில் காரில் போய் உட்கார்ந்தால், நேற்று இருந்ததைவிட ஒரு கோடுதான் கூடியிருக்கிறது. ஆனால் பெட்டியில் பச்சைதான் எரிகிறது. ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சந்தனம் இல்லை.

"அந்தப் பேக்கரிக்கே போயிரலாமுங்க" என்றாள் கலாமணி. "பொள்ளாச்சி மெஷினைச் சரி பண்ணிட்டாங்க" என்றேன். "அதுக்குப் பக்கத்துல ஒயின் ஷாப்பு. அங்க நானு வரமாட்டேன்" என்றாள். பேக்கரிக்கு ஒரு பெரிய துணிப்பையோடு வந்தாள். பின் வீதியில் மாகாளியம்மன் கோயில் இருக்கிறதாம், சக்தியுள்ள அம்மனாம். பையில் பிரசாதத்துக்கு அரிசிம்பருப்புச் சாதமாம். மாகாளிக்கு அரிசிம்பருப்புச் சாதம் படைத்து நான் பார்த்ததில்லை.

நான் கார் பக்கத்திலேயே இருந்தேன். யாராவது கன்னைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வது.

ஜூன் 21, சனி

மறுபடி ஏறவில்லை, மறுபடி பேக்கரி. இன்று எங்கள் தூரத்துப் பங்காளி ஒருவர் அங்கே பப்ஸ் தின்றுகொண்டிருந்தார். காரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அம்மிணிக்கு அப்புறம் எங்கயாச்சும் அமைஞ்சுதுங்களா?" என்றார். "பாத்துட்டிருக்கறோமுங்க" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்காமல் தலையை ஆட்டியதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். எங்களுக்கு ஒரே மகள், வினோதினி. போன ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தோம். பத்திரிகை அடித்து, நானும் கலாமணியும் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கி வைத்து முடித்த பிறகு, "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாங்கப்பா" என்றாள். பையனிடம் என்ன குறை என்று கேட்டேன். "குறைன்னு எடுத்துக் காட்டத் தெரியிலீங்கப்பா. அவருகூடப் பேசுனா எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். என்ன குறை என்று எழுதாமல் ஒரு மோட்டாரைக்கூட நான் திருப்பி அனுப்பியதில்லை. இவள் ஒரு மாப்பிள்ளையையே அனுப்பிவிட்டாள்.

பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்து கல்யாணம் நின்றுவிட்டது என்று சொன்னவன் நான். ஒவ்வொருவரும் ஏன் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகுதான், "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்று அவளிடம் சொன்னேன். அவள் மிதிக்கவில்லை. அந்த அழுத்தம் என்னிடமிருந்து அவளுக்கு வந்தது. ஒத்தக்கால்மண்டபம் பக்கம் ஏதோ ஒரு காலேஜில் வேலை பார்ப்பதாகவும், பக்கத்திலேயே ஹாஸ்டலில் இருப்பதாகவும் காதில் விழுந்தது. எந்தக் காலேஜ் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கலாமணி கோயிலிலிருந்து வர இன்றும் நேரமாயிற்று. நெற்றியில் குங்குமம் இல்லை.

ஜூன் 28, சனி

ஏறவில்லை.

ஜூலை 5, சனி

இந்த வாரம் முழுவதும் இதே அக்கப்போர். எலெக்ட்ரீசியன் தேவராஜ் வந்து பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். "பெட்டி நல்லா இருக்குதுங்க" என்றார். எர்த் சரியில்லையோ என்று குழியைத் தோண்டி உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். மின்வாரிய லைன்மேனை வழியில் பிடித்துக் கேட்டேன். எங்கள் லைனில் ராத்திரி கரண்ட் நிற்கவே இல்லை என்றார். எலி கடித்திருக்குமோ என்று கேபிள் முழுவதையும் கையால் தடவிப் பார்த்தேன். கடிக்கவில்லை. ஷோரூமிலிருந்து வந்தவர் பகல் முழுவதும் இருந்து பார்த்தார். அவர் இருக்கும்வரை பச்சை. ஆள் பார்க்கும்போது நல்ல பிள்ளையாக ஓடி, பார்க்காதபோது நின்றுவிடும் கோளாறுதான் கோளாறுகளிலேயே மோசமானது. கம்பெனியில் அப்படி ஒரு மோட்டார் என்னை ஒரு மாதம் தூங்கவிடாமல் அடித்திருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் கலாமணி ஒன்றும் கவலைப்படவில்லை. தேவராஜுக்கு மோர் கொடுத்தாள். "பாவம், அலையவிடாதீங்க" என்று எனக்குச் சொன்னாள்.

ஜூலை 12, சனி

சமையலறைக்குப் பின்னால் கிரைண்டர் இருக்கும் இடத்தில் சுவரில் ஒரு தனி சுவிட்ச் இருக்கிறது. கார் பெட்டிக்குப் போகும் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. அது ஆனில்தான் இருக்கிறது என்று நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். இன்று காலை கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். சுவிட்சின் கறுப்பு முனையில் காய்ந்த இட்லி மாவு. ராத்திரி அணைக்க மேலே ஒரு விரல் தடம், விடியும்முன் போடக் கீழே ஒரு விரல் தடம்.

இந்த வீட்டில் நான் இட்லி மாவு ஆட்டுவதில்லை.

துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன். தேவராஜ் போன் செய்தார். இனி வர வேண்டாம் என்றேன். "கோளாறு என்னன்னு தெரிஞ்சுதுங்களா?" என்றார். தெரிந்தது என்றேன். "எங்கீங்க இருந்துச்சு?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

பேக்கரிக்குப் போனோம். பையிலிருந்து தேங்காய்ப்பால் வாசனை வந்தது. இடியாப்பம் மாதிரி பிழிகிற சந்தகை. இந்த வீட்டில் சந்தகைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுகிறவள் ஒருத்திதான். எனக்கும் கலாமணிக்கும் எலுமிச்சம்பழச் சந்தகைதான் பிடிக்கும்.

ஜூலை 18, வெள்ளி

வழக்கம்போலப் பொழுதோடு கன்னை மாட்டினேன். வழக்கம்போலக் காலையில், "என்ன இது, மறுபடி ஏறலையே" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். "அப்படீங்களா?" என்று அவள் வெளியே வந்து ஆச்சரியப்பட்டாள். நன்றாகவே ஆச்சரியப்படுகிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தத் திறமை எனக்குத் தெரியாது.

வேகமாக ஏற்றும் கன் பேட்டரிக்கு நல்லதில்லை என்று யாரோ சொன்னார்கள். யார் என்று நினைவில்லை. அதனால் பேக்கரி வளாகத்தின் ஓரத்தில், யாரும் சீண்டாத மெதுவான கன் ஒன்று இருக்கிறதே, அதில் மாட்டினேன்.

"இதுல ரொம்ப நேரமாகுமுங்களே?" என்றாள் கலாமணி.

"ஆகும். ஆடி வெள்ளி, கோயில்ல கூட்டமா இருக்கும். நீ நிதானமா போயிட்டு வா."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 25, வெள்ளி

மெதுவான கன்னுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் பேக்கரியின் பக்கவாட்டுக் கண்ணாடி தெரிகிறது. அதற்காக அங்கே நிறுத்தவில்லை. அங்கேதான் கன் இருக்கிறது.

கோயிலுக்குப் போனவள் கடைசி மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வினோதினி. இளைத்திருக்கிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கலாமணி சாப்பிடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை கையை நீட்டி அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த எதையோ எடுத்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. என் முதுகுக்குப் பின்னால் இவ்வளவு நடக்கிறது என்று கோபம். போய் அந்த மேஜையில் நின்றால் என்ன ஆகும் என்று பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். அந்த டிபன் பாக்ஸ் மூடிவிடும், அவ்வளவுதான் ஆகும். காருக்குள் உட்கார்ந்து ஏசி போட்டுக்கொண்டேன்.

திரும்பும் வழியில் கலாமணி, "ஏனுங்க, தைவான்ல அரிசி கெடைக்குமுங்களா?" என்றாள்.

"தைவானா? எதுக்கு?"

"சும்மா கேட்டேன். டீவில காட்டுனாங்க."

கிடைக்கும் என்றேன். வீட்டுக்கு வந்து போனில் தேடிப் பார்த்தேன். கிடைக்கிறது. ஆராய்ச்சிப் படிப்புக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் போகிறார்களாம். முடித்து வர நான்கைந்து வருஷம் ஆகுமாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பேக்கரிப் பக்கம் பாதியில் கரண்ட் போய்விட்டது. வீடு போய்ச் சேரும் அளவுக்கு ஏறியிருந்தது, கழற்றிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். உட்கார்ந்திருந்தேன். கலாமணி இன்று சீக்கிரமே வந்துவிட்டாள்.

"ஏறிருச்சுங்களா?"

"இல்ல. கரண்ட் வரட்டும். நீ வேணும்னா இன்னும் சித்த நேரம் இருந்துட்டு வா."

"வேண்டாங்க. போலாம்."

பை போன கனத்திலேயே திரும்பி வந்தது. வழியில் அவள் பேசவில்லை. வெள்ளை ஈயைப் பற்றி நானே ஆரம்பித்துப் பார்த்தேன். ம் என்றாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வீட்டில் முழுதாக ஏறியிருந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

முழுதாக ஏறியிருந்தது. இந்த வாரம் முழுவதும் அப்படித்தான். சுவிட்சில் மாவு இல்லை.

"ஆடி வெள்ளியாச்சே, கோயிலுக்குப் போகலையா?" என்றேன்.

"எல்லா அம்மனும் ஒண்ணுதானுங்க. இங்கயே கும்பிட்டுக்கறேன்" என்றாள். கும்பிடவும் இல்லை. பொழுதுக்கும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கல்லே இல்லாத அரிசி.

கோளாறு தீர்ந்துவிட்டது. எனக்கு நிம்மதி இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கார் துடைத்துக்கொண்டிருந்தேன். கலாமணி கொல்லையில் துணி காயப்போட்டபடி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினாள். நான் இருப்பது தெரியாது. இந்தக் கார் வந்ததிலிருந்து நான் இருப்பதும் வருவதும் யாருக்கும் கேட்பதில்லை.

"நீ சொல்றது புரியுது கண்ணு... இல்ல, இனி வரலை... திருட்டுத்தனமா உக்காந்து திங்கறது எனக்கு மட்டும் நல்லாவா இருக்குது... அப்பாகிட்ட நானு என்னன்னு சொல்லட்டும்? இருபத்தி நாலாந்தேதிதான? ... சரி. அங்க போயி போன் பண்ணு. இங்கத்த நெனப்புல இருக்காத."

ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பயம்தான் வந்தது. வினோதினி பாட்டுக்குத் தைவானுக்கு விமானம் ஏறிப் போய்விடுவாள். நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டுக்கொண்டு, இந்த வாசலை மிதிக்காமலே போய்விடுவாள். என் பேச்சை இவ்வளவு ஒழுங்காகக் கேட்கிற பிள்ளை அவள் என்று இதற்கு முன் எனக்குத் தோன்றியதில்லை.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. குழம்பில் உப்பு இல்லையா என்று கலாமணி கேட்டாள். இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆழியாறு வரைக்கும் போய்த் திரும்பினேன். மறுபடி போய்த் திரும்பினேன். லீவு நாள், ரோடு நிறையக் கூட்டம். அணையைப் பார்க்கவில்லை. ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டுதான் போனேன். வரும்போது பேட்டரி அடிமட்டத்தில் இருந்தது.

பொழுதோடு கலாமணி பார்க்கும்படியாகவே கன்னை மாட்டினேன். பச்சை எரிந்தது. அவள் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் எழுந்து காரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கலா, சார்ஜ் ஏறலை" என்று கூப்பிட்டேன்.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். எட்டிக் காருக்குள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நானு ஆஃப் பண்ணலீங்களே!" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கரண்டியை வைத்திருந்த கையாலேயே வாயை மூடிக்கொண்டாள்.

"நீ பண்ணலை. நாந்தான் பண்ணுனேன்" என்றேன். "குளிச்சுட்டுக் கெளம்பு. ஒத்தக்கால்மண்டபம் போகோணும்."

அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அழவில்லை. "எப்பருந்துங்க தெரியும்?" என்றாள். ஒரு மாதத்துக்கும் மேலாக என்றேன். "ஒரு மாசமா தெரிஞ்சும் அந்தக் காருக்குள்ளயே பொம்மையாட்டம் உக்காந்திருந்தீங்களா?" என்று கத்தினாள். எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். என்னை அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கேட்க நன்றாக இருந்தது. கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். நான் போய்த் தோசையைத் திருப்பிப் போட்டேன். தீய்ந்திருந்தது.

கிளம்பும்போது, "அவளுக்குப் போன் பண்ணட்டுங்களா?" என்றாள்.

"பண்ணு."

"நீங்களும் வர்றீங்கன்னு சொல்லட்டுங்களா? சொன்னா வராமப் போயிருவாளோ என்னமோ."

"சொல்லு. சொல்லாமப் போயி நின்னா அது நாம பண்ற திருட்டுத்தனம்."

இருந்த கொஞ்சம் சார்ஜில் ஒத்தக்கால்மண்டபம் போய்ச் சேர்ந்தது பெரிய விஷயம். கடைசியில் கார் மஞ்சள் விளக்கெல்லாம் போட்டு என்னைத் திட்டிக்கொண்டே வந்தது. வேகமான கன், மெதுவான கன் இரண்டும் காலியாக இருந்தன. மெதுவானதில் மாட்டினேன். கலாமணி இன்று கோயில் பேச்சே எடுக்காமல், பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வருவாளா, மாட்டாளா என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே இறங்கி நின்றேன். பம்ப் ஏற்றுமதிக்கு வெளிநாட்டு ஆட்கள் பரிசோதிக்க வந்தபோதுகூட நான் இப்படி வழி பார்த்து நின்றதில்லை.

வினோதினி வந்தாள். காலேஜ் பக்கத்து வீதியிலிருந்து நடந்து வந்தாள். என் எதிரே வந்து நிற்காமல் காருக்கு அந்தப் பக்கம் நின்றாள். நடுவில் கார்.

"நல்லா இருக்கறீங்களாப்பா?"

"இருக்கறேன்."

கலாமணி இறங்கினாள். ஆனால் எங்கள் இரண்டு பேர் பக்கமும் வரவில்லை. பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி எப்படீங்கப்பா இருக்குது?"

"நெறையக் குறை இருக்குது. சீட்டு சரியில்ல. ஹாரன் சத்தம் பத்தாது."

வினோதினி லேசாகச் சிரித்தாள். வழியெல்லாம் நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த பேச்சு ஒன்றும் வாய்க்கு வரவில்லை. கண்ணாடி அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதைக்கூடச் சொல்ல வரவில்லை.

"இருபத்தி நாலாந்தேதி எத்தனை மணிக்கு பிளைட்டு?" என்றேன்.

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"மத்தியானமுங்கப்பா. கோயமுத்தூர்ல ஏறி சிங்கப்பூர்ல மாறோணும்."

"ஏர்போர்ட்டுக்கு யாரு கூட்டிட்டுப் போறாங்க?"

"காலேஜ் பிரண்ட்ஸ் வேன் சொல்லியிருக்கறாங்க."

"வேன் வேண்டாம்னு சொல்லிரு. நம்ம வண்டில போலாம். வீட்டுல இருந்து ஏர்போர்ட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றதுக்கு ஒருக்கா ஏத்துனாப் போதும்."

அவள் கார் மேல் படிந்திருந்த தூசியை ஒரு விரலால் தேய்த்தாள்.

"எந்த வீட்டுல இருந்துங்கப்பா?" என்றாள்.

"நம்ம வீட்டுல இருந்துதான் அம்மிணி. வேற எங்கிருந்து?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

"வீட்டுல சார்ஜே ஏற மாட்டீங்குதுன்னு அம்மா சொன்னாங்களே" என்றாள்.

"இனி ஏறும்" என்றேன்.